ஃபேர்பேங்க்ஸ் சூழல் அமைப்புக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்கு வந்து ஒன்பது குளிர்காலம் ஆகிவிட்டது. வந்த இரண்டாவது வருடத்திலிருந்து இங்குள்ள ஒரு சூழல் பாதுகாப்பு அமைப்புக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். கடிதம் மடித்து உறையில் போடுவேன், கூட்டத்துக்கு நாற்காலி போடுவேன், தேநீர் வைப்பேன். ஊருக்கு ஃபோன் பேசும்போதும், பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதும், அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் நெடுநாளாக இருக்கும் அமைப்பு 'நார்தர்ன் அலாஸ்கா என்விரான்மென்டல் சென்டர்'. 1971இல் 'ஃபேர்பேங்க்ஸ் என்விரான்மென்டல் சென்டர்' என்ற பெயரில் தொடங்கியது. வரலாறு பேசும் இடத்தில் அதைச் சொல்கிறேன். அன்றாட வேலை பற்றிச் சொல்வதெல்லாம் இங்குள்ள சின்ன அமைப்புகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

ஃபேர்பேங்க்ஸ் எங்கே இருக்கு? வடதுருவத்துலயா வேலை செய்றாங்க?

இல்லை. ஏறக்குறைய 65 பாகை வடக்கில் இருக்கிறோம். ஆர்க்டிக் வட்டத்தைத் தொடவே சாலை வழியாக இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பக்கத்தில் ஓர் ஊருக்குப் பெயரே 'நார்த் போல்'. அந்தப் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். இந்தக் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

டிசம்பர் கடைசியில் சூரியன் நாலு மணி நேரம்கூட நிற்காது, ஜூனில் 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மைனஸ் நாற்பது வரை குளிர் இறங்கும். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான். வடக்கே புரூக்ஸ் மலைத்தொடரிலும் அதற்கு அப்பாலும் இருக்கும் பெரும்பாலான கிராமங்களுக்குச் சாலை கிடையாது, சின்ன விமானம்தான். அவற்றில் பலவற்றுக்கு விமானம் ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்புகிறது. கிராமத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் வந்துபோகும் ஊரும் இதுதான். வடக்கைப் பற்றிய அமைப்பு இங்கே இருப்பது அதனால்தான்.

கரடி, ஓநாயெல்லாம் பிடிச்சுக் கழுத்துப் பட்டை மாட்டுறதுதானே அவங்க வேலை?

எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது மாநிலத்தின் மீன், வேட்டை விலங்குத் துறையிலும் மத்திய அரசின் வனவிலங்குத் துறையிலும் இருக்கும் உயிரியலாளர்கள். அவர்கள் எடுக்கும் கணக்கை வாசித்து, அது எதைக் காட்டுகிறது என்று ஊருக்குச் சொல்வது அமைப்பின் வேலை. உதாரணத்துக்கு, மேற்கு ஆர்க்டிக் கரிபூ மான் கூட்டம் 2003இல் 4,90,000 இருந்தது, 2023 கணக்கில் 1,52,000. அந்த மான்கள் நடக்கும் வழியில் புதிதாகச் சாலை போடும் திட்டம் வந்தால், இந்த இரண்டு எண்ணையும் திட்ட அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க ஓர் ஆள் வேண்டும்.

வேலையில் பெரும்பங்கு வாசிப்பதுதான். சுரங்கமோ சாலையோ எண்ணெய்க் கிணறோ வருவதற்கு முன் மத்திய அரசு சூழல் தாக்க அறிக்கை வெளியிடும். நூற்றுக்கணக்கான பக்கம், இணைப்புகளோடு சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். நான் போகும் அலுவலகத்தில் ஒருவர் மேசையில் அப்படி ஓர் அறிக்கையை மூன்று கட்டாகப் பிரித்து வைத்திருந்தார். மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கத்தில் கேள்வி, நீலச் சீட்டு ஒட்டிய பக்கத்தில் தப்பு. இரண்டாவது கட்டில் நீலம்தான் அதிகம். ஆற்றைக் கடக்கும் பாலங்களின் எண்ணிக்கை ஓர் அத்தியாயத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்ததை அவர் கண்டுபிடித்த நாளில் அலுவலகமே எழுந்து வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தது.

மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க? யார் யார் என்ன பண்றாங்க?

சின்ன இடம்தான், சம்பள ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு நிர்வாக இயக்குநர். ஆர்க்டிக் நிலங்களுக்கு ஒருவர், சுரங்கத்துக்கு ஒருவர், பருவநிலைக்கும் எரிசக்திக்கும் ஒருவர். நன்கொடை திரட்ட ஒருவர், செய்திமடலும் சமூக ஊடகமும் பார்க்க ஒருவர். கணக்கு எழுதுபவர் பெரும்பாலும் பகுதிநேரம். மேலே சம்பளமில்லாத நிர்வாகக் குழு.

பலகையில் இப்படிப் பிரித்து எழுதியிருந்தாலும், கூட்டத்தன்று இயக்குநரும் வாசலில் பனியை வாரிக்கொண்டிருப்பார்.

கருத்துக்கேட்பு, கருத்துக்கேட்புன்னு சொல்றியே, அங்க போய் என்னதான் பேசுறாங்க?

மேலே சொன்ன தாக்க அறிக்கையின் வரைவு வெளிவந்ததும் மக்கள் கருத்துச் சொல்ல நாள் கொடுப்பார்கள். 1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சூழல் கொள்கைச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது. வரைவுக்குக் குறைந்தது 45 நாள் என்பது பல காலம் விதியாகவே இருந்தது. 2025இல் அந்த நடைமுறைகள் பலவற்றைத் தளர்த்திவிட்டார்கள். அதனால் இப்போது இன்னும் வேகமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

'இந்தத் திட்டம் வேண்டாம்' என்று மட்டும் ஆயிரம் பேர் எழுதினால் எண்ணிக்கையில் சேரும், அவ்வளவுதான். 'பக்கம் இத்தனையில் தரவு பழசு', 'இந்த ஓடையில் எங்கள் குடும்பம் மீன் பிடிக்கிறது, உங்கள் வரைபடத்தில் அந்த ஓடையே இல்லை', 'இதற்கு இப்படி ஒரு மாற்று வழி இருக்கிறது' என்று எழுதினால் அதிகாரிகள் அதை எடுத்துப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் அந்தப் பழைய விதிகளில் இருந்தது. சாதாரண ஆளை இந்த இரண்டாவது மாதிரி எழுதவைப்பதற்கு அமைப்பு மாலை நேரங்களில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும். நானும் அப்படிக் கற்றுக்கொண்டவள். குடியுரிமை கேட்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

நேரடிக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். நேரம் முடியப்போகிறது என்று அட்டை காட்டுவார்கள். ஒரு கூட்டத்தில் வடக்குக் கிராமத்திலிருந்து விமானத்தில் வந்த ஒரு பாட்டி முதலில் தன் தாய்மொழியில் பேசினார், பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார். பாதியிலேயே சிவப்பு அட்டை வந்துவிட்டது. அடுத்த எண்ணுக்குரியவர் அமைப்பில் வேலை செய்யும் இளைஞர். அறிக்கையை வாசித்துப் பத்து நாள் தயார் செய்த தாள் அவர் கையில் இருந்தது. எழுந்து, 'என் நேரத்தை அந்த அம்மாவுக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய தாளைப் பிறகு எழுத்தில் அனுப்பிக்கொண்டோம். இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த இளைஞர்தான் நினைவுக்கு வருகிறார்.

இதையெல்லாம் யார் ஆரம்பிச்சாங்க?

இரண்டு பெண் விமானிகளிடமிருந்து சொல்ல வேண்டும். சீலியா ஹண்டர், ஜின்னி வுட். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கு விமானங்களை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். போர் முடிந்ததும் 1946-47 குளிர்காலத்தில் சியாட்டிலிலிருந்து இரண்டு விமானங்களை ஓட்டிக்கொண்டு ஃபேர்பேங்க்ஸ் வந்து இறங்கினார்கள், அப்புறம் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1960இல் நண்பர்களோடு சேர்ந்து 'அலாஸ்கா கன்சர்வேஷன் சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். மாநிலம் முழுமைக்குமான முதல் பாதுகாப்பு அமைப்பு அது. அதே ஆண்டு டிசம்பரில் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடம் அறிவிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் அவர்கள் முன் நின்ற திட்டங்களைப் பார்த்தால் இப்போதும் நடுக்கமாக இருக்கிறது. பாயின்ட் ஹோப் என்ற, இனுபியாட் பழங்குடி மக்களின் கிராமத்துக்குப் பக்கத்தில் அணுகுண்டுகளை வெடித்து ஒரு துறைமுகம் தோண்ட அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1958இல் திட்டம் போட்டது. எட்வர்ட் டெல்லர் முன்னின்ற 'ப்ராஜெக்ட் சாரியட்'. பல்கலைக்கழக உயிரியலாளர்கள் லெஸ்லி வீரெக், வில்லியம் புரூயிட் இருவரும் உண்மையைச் சொன்னார்கள்: கதிர்வீச்சுத் தூசி பாறைப்பாசியில் படியும், அதைக் கரிபூ தின்னும், கரிபூவை மனிதர் தின்பார்கள் என்று. இருவருக்கும் வேலை போயிற்று. கிராமத்து மக்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1962இல் திட்டம் கைவிடப்பட்டது. 1993இல் அதே பல்கலைக்கழகம் இருவருக்கும் கௌரவப் பட்டம் கொடுத்தது.

வடகோடியில் பிரூடோ விரிகுடாவில் 1968இல் எண்ணெய் கிடைத்து, குழாய்ப் பாதைப் பேச்சு சூடாக இருந்த நேரத்தில்தான் 1971இல் நார்தர்ன் சென்டர் பிறந்தது. சீலியா 2001 டிசம்பரில் 82 வயதில் காலமானார். அதற்கு முந்தைய இரவுகூட ஆர்க்டிக் புகலிடத்துக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

சம்பளம் உண்டா, இல்ல சேவை மனப்பான்மைதானா?

உண்டு. இதைச் சேவை என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கும் வாடகை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசு வேலையிலோ எண்ணெய்க் கம்பெனியிலோ கிடைக்கும் அளவுக்கு வராது என்பது உண்மை. லாப நோக்கமற்ற அமைப்புகளின் வருமான வரி அறிக்கை பொதுவில் இருக்கும், இயக்குநர் வாங்குவதை யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இளைஞர்கள் சிலர் 'ட்ரை கேபின்' எனப்படும் மரவீட்டில் இருக்கிறார்கள். மின்சாரம் உண்டு, தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறை வெளியே. அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பாத்திரம் துலக்கிய தண்ணீர் தொட்டிக்குக் கீழே ஒரு வாளியில் இறங்கியது. அது நிரம்புவதற்குள் வெளியே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். குடிதண்ணீரைப் பெரிய கேன்களில் பிடித்து, உறையாமல் கதவுக்கு உட்புறம் வரிசையாக வைத்திருந்தார்கள். சிக்கனத்துக்காக என்று மட்டும் சொல்லிவிட முடியாது, இந்த ஊரில் நிறையப் பேர் விரும்பியே அப்படி வாழ்கிறார்கள்.

பணம் எங்கேருந்து வருது?

உறுப்பினர் சந்தா, தனிப்பட்ட நன்கொடை, அறக்கட்டளைகளின் மானியம். மானியம்தான் சிக்கல். ஒரு வேலைக்கென்று வந்த பணத்தை இன்னொரு வேலைக்கு எடுக்க முடியாது, காலம் முடிந்தால் அந்த வேலையில் இருப்பவரின் இடமும் ஆடும்.

இன்னொன்று அலாஸ்காவுக்கே உரியது. எண்ணெய் வருமானத்தில் சேர்த்த நிரந்தர நிதியிலிருந்து மாநிலவாசிகள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை வருகிறது. 1982இல் தொடங்கியது, 2024இல் 1,702 டாலர். விண்ணப்பிக்கும்போதே அதில் ஒரு பங்கை விரும்பும் தொண்டு அமைப்புக்கு ஒதுக்கலாம், அந்த ஏற்பாட்டின் பெயர் 'பிக், கிளிக், கிவ்'. ஆமாம், எண்ணெய்ப் பணத்திலிருந்து சூழல் அமைப்புக்கும் போகிறது. அது மக்களுக்குச் சேர்ந்த பணம், அதை எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அவர்கள்தான்.

எண்ணெயில வாழ்ற ஊர்ல எண்ணெய்க்கு எதிரா பேசினா அக்கம்பக்கம் சும்மா விடுமா?

விடாத நாளும் உண்டு. மளிகைக் கடை வரிசையில் ஒருவர் என் பையில் இருந்த அமைப்பின் பேட்ஜைப் பார்த்து, 'என் மருமகன் வேலை போக வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மாநிலத்தின் வருவாயில் எண்ணெய்க்குப் பெரும்பங்கு இருக்கிறது. பள்ளிக்கூடம் முதல் சாலை வரை அந்தப் பணம் ஓடுகிறது.

ஆனாலும் இது சின்ன ஊர். வண்டி பனியில் சிக்கினால் யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கயிறு கட்டி இழுப்பார்கள். அமைப்பில் இருக்கும் ஒருவரின் அண்ணன் வடக்கே எண்ணெய் வயலில்தான் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும் வாரங்களில் இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள்.

அவங்களும் காரு ஓட்டுறாங்க, டீசல் எரிக்கிறாங்க, பிளேன்ல போறாங்க. அப்புறம் என்ன பேச்சு?

ஓட்டுகிறார்கள். கிராமத்துக்கு விமானம் தவிர வழியில்லை என்று முதல் கேள்வியிலேயே சொன்னேன். பெரும்பாலான வீடுகள் எண்ணெய்க் கணப்பில்தான் சூடாகின்றன, குளிரில் காரின் எஞ்சின் சூடேற்றியை மின்சாரத்தில் செருகி வைக்காவிட்டால் காலையில் எஞ்சின் எழும்பாது. இப்படிப்பட்ட ஊரில் மாற்று என்ன என்று யோசிப்பதும் அவர்களுடைய வேலையில் அடக்கம்.

இங்கே குளிர்காலத்தில் காற்று அசையாமல் தரையோடு தங்கிவிடும், விறகுப் புகை அதில் சிக்கிக்கொள்ளும். நுண்துகள் மாசு அதிகம் என்று 2009இல் இந்தப் பகுதியை மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. ஈர விறகை எரிக்காமல் உலர்த்தி எரிப்பது எப்படி, வீட்டுச் சுவருக்குக் காப்பு போடுவது எப்படி என்றெல்லாம் பேசும் கூட்டங்களுக்கும் நான் நாற்காலி போட்டிருக்கிறேன்.

பழங்குடி மக்கள் எல்லாரும் இவங்க பக்கம்தானே?

இல்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்க்டிக் புகலிடத்தின் கடலோரச் சமவெளியில்தான் போர்குபைன் கரிபூ கூட்டம் கன்று ஈனுகிறது. அந்த மானை நம்பி வாழும் குவிச்சின் மக்களுக்கு அது உயிர் தொடங்கும் புனித இடம். 1988இல் ஆர்க்டிக் வில்லேஜில் கூடி ஒரு குழு அமைத்து, இன்றுவரை அங்கே துளையிடுவதை எதிர்க்கிறார்கள். அதே சமவெளியில் இருக்கும் ஒரே கிராமம் காக்டோவிக். அங்குள்ள இனுபியாட் தலைவர்கள் பலர் எண்ணெய் எடுப்பதை ஆதரிக்கிறார்கள்: எங்கள் நிலம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் வேண்டும் என்று. 2023 மார்ச்சில் அனுமதி பெற்ற வில்லோ எண்ணெய்த் திட்டத்துக்கு மிக அருகே இருக்கும் நுயிக்சுட் ஊரின் நிர்வாகம் எதிர்த்தது, அந்த வட்டார நிர்வாகம் ஆதரித்தது.

நல்ல ஊழியர் இதை மறைக்க மாட்டார். முந்தைய தலைமுறை அமைப்புகள் 'மனிதர் இல்லாத காடு' என்று பேசியது கிராமத்தாரைப் புண்படுத்தியது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன இளைஞர் தன் மூன்று நிமிடத்தைக் கொடுத்தாரே, அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதால்தான் கொடுத்தார்.

வேட்டைக்குப் போறவங்க எப்படி விலங்கைக் காப்பாத்துறவங்க ஆவாங்க?

நம் ஊரில் இதை விளங்கவைப்பது சிரமம், எனக்கும் ஒரு வருடம் பிடித்தது. இங்கே ஊழியர்களில் பலர் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடி ஃப்ரீசரில் வைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். கிராமங்களில் கடைச் சாமான் விமானத்தில் வருவதால் விலை எட்டாது, மீனும் மானும்தான் சோறு. கூட்டம் குறைந்தால் முதலில் பசிப்பது அந்த வீடுகளில்தான். மான் பிழைக்க வேண்டும் என்பதில் அவர்களைவிட அக்கறை உள்ளவர்களை நான் பார்த்ததில்லை.

கோர்ட்டுக்குப் போறதும் இவங்கதானா?

வழக்கில் மனுதாரராகப் பெயர் இருக்கும், வாதாடுவது வழக்கறிஞர்கள். ஆங்கரேஜில் 'ட்ரஸ்டீஸ் ஃபார் அலாஸ்கா' என்ற லாப நோக்கமற்ற சட்ட நிறுவனம் 1974இலிருந்து இப்படிப்பட்ட வழக்குகளை எடுத்து நடத்துகிறது. பொதுவாக, கருத்துக்கேட்பில் எழுப்பாத குறையை நீதிமன்றத்தில் முதல்முறையாக எழுப்புவது கடினம். மஞ்சள் சீட்டும் நீலச் சீட்டும் ஒட்டியவரின் உழைப்பு அங்கேதான் கைகொடுக்கும்.

தேர்தல்ல யாருக்காவது ஓட்டு கேப்பாங்களா?

கூடாது. 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ முடியாது. ஒரு மசோதாவைப் பற்றிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசலாம், அதற்கும் வரம்பு உண்டு.

ஒரு தடவை ஜெயிச்சா முடிஞ்சதுதானே? ஏன் வருஷா வருஷம் அதே சண்டை?

ஆர்க்டிக் புகலிடத்தின் கதையைப் பாருங்கள். 1960இல் அறிவித்தார்கள். 1980இல் பெரிதாக்கினார்கள், ஆனால் கடலோரச் சமவெளியில் சுமார் 15 லட்சம் ஏக்கரின் முடிவைத் தள்ளிப்போட்டார்கள். 2017இல் வரிச் சட்டத்தோடு சேர்த்துக் குத்தகைக்குத் திறந்தார்கள். 2021 ஜனவரியில் முதல் ஏலம், அதிகம் எடுத்தது மாநில அரசின் நிறுவனமே. 2023இல் மிஞ்சிய குத்தகைகளை ரத்து செய்தார்கள். 2025 ஜனவரி ஏலத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் இன்னும் நாலு ஏலமாவது நடத்த வேண்டும் என்கிறது.

ஆம்ப்ளர் சுரங்கப் பகுதிக்குப் போட நினைக்கும் 211 மைல் சாலையும் அப்படித்தான். 2020இல் அனுமதி, 2024இல் மறுப்பு, 2025 அக்டோபரில் மறுபடி அனுமதி. தோற்றால் மண் போய்விடும், ஜெயித்தால் அடுத்த சுற்று வரை நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு தலைமுறை மான் கன்று ஈன்றுவிடுகிறது. அது சின்ன விஷயமில்லை.

மனசு விட்டுப் போகாதா? எப்படித் தாங்கறாங்க?

சிலர் தாங்குவதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் வேலையை விட்டுப் போனவர்களுக்குப் பிரிவு உபசாரக் கேக் வெட்டியிருக்கிறேன். ஜனவரி இருட்டில், ஒரு தீர்ப்பு எதிராக வந்த மறுநாள், அலுவலகத்தில் யாரும் பேசாமல் வேலை பார்த்ததையும் கண்டிருக்கிறேன். அன்று மதியம் ஒருவர் சால்மன் சூப் கொண்டுவந்தார், எல்லோரும் நின்றபடியே குடித்தோம், பிறகு மேல்முறையீட்டுக்கான கடைசி நாளைச் சுவர் நாள்காட்டியில் குறித்தார்கள்.

தங்கிவிட்டவர்களைத் தங்கவைப்பது கோடை என்று நினைக்கிறேன். கிரீமர்ஸ் ஃபீல்ட் என்ற பழைய பால்பண்ணை வயலில் ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான சாண்ட்ஹில் கொக்குகள் தெற்கே கிளம்புமுன் வந்து மேயும். எங்கள் ஆட்கள் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார்கள். அறிக்கையில் வாசிக்கும் பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அக்கா, நான் எஃப்-1 மாணவர் விசாவுல இருக்கேன். அங்க வேலைக்கோ வாலன்டியராவோ சேரலாமா?

உண்மையான தன்னார்வ வேலைக்குப் பொதுவாகத் தடையில்லை: நாற்காலி போடுவது, உறை ஒட்டுவது, மொழிபெயர்ப்பது. மற்றவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யும் வேலையை உனக்கு மட்டும் சம்பளமில்லாமல் கொடுத்தால், அது தன்னார்வமாகாது, விசாவுக்கே ஆபத்து. படிப்பு முடிந்து ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் இருக்கும்போது படிப்போடு தொடர்புள்ள வேலையாக இருந்தால் சேரலாம்.

எச்-1பி வேலை விசா பற்றியும் கேட்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றோடு இணைந்த அமைப்புகளுக்கும், லாப நோக்கமற்ற அல்லது அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் அந்த விசாவுக்கான குலுக்கலிலிருந்து விலக்கு உண்டு. லாப நோக்கமற்றது என்ற காரணத்தால் மட்டும் ஒரு சூழல் அமைப்புக்கு அந்த விலக்கு வந்துவிடாது. சேருவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள். கருத்துக்கேட்பில் எழுத விசா எதுவும் தேவையில்லை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

நாங்க அங்க வந்தா அவங்களைப் பார்க்கலாமா?

தாராளமாக. முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கருத்துக்கேட்பின் கடைசி வாரமாக இருந்தால் மட்டும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். குளிர்காலத்தில் வந்தால் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டியிருக்கும், உள்ளே போட்டுக்கொள்ளத் தடித்த காலுறை ஒரு ஜோடி எடுத்து வாருங்கள். போன தடவை சித்தி கொண்டுவந்த முறுக்கை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. இடம் இருந்தால் ஒரு டப்பா அதிகமாகக் கட்டிக்கொண்டு வாருங்கள்.